மையழகி அழித்த மாவுத் தடம்

மலையடிவாரத்துக் குளத்தங்கரையில் ஒரு ஓட்டு வீடு இருந்தது. ஓட்டுக்கு அடியில், அந்த வீட்டு மச்சில் ஒரு மரநாய் குடியிருந்தது. பேர் மையழகி. கண்ணைச் சுற்றி மை இழுத்த மாதிரி கறுப்பு. அதனால் அந்தப் பேர்.

அவளுக்கு மூன்று குட்டிகள். மூத்தவன், நடுவிலவள், கடைக்குட்டி. பிறந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. மாமரத்துக் கிளை வழியாக ஏறி, சுவர் உச்சியில் உடைந்து கிடந்த ஜன்னல் ஓட்டைக்குள் நுழைந்தால் மச்சு. மழை படாது, வெயில் படாது, பாம்பு ஏறாது. பிள்ளை பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

மையழகி பிள்ளைகளுக்கு முதல் பாடமாக மரம் ஏறச் சொல்லித் தரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் சொல்லித் தந்தாள்.

"ஆள் வாசம் அடிச்சா என்ன செய்யணும்?"

"மூச்சு விடக்கூடாது!" என்றான் மூத்தவன்.

"பசிச்சா?"

"அப்பவும் மூச்சு விடக்கூடாது!" என்றாள் நடுவிலவள்.

"அம்மாவே கூப்பிட்டா?" என்று கேட்டான் கடைக்குட்டி.

"நானே கூப்பிட்டாலும் சரி! ஆள் வாசம் போற வரைக்கும் பதில் சொல்லப்படாது!"

"மூச்சு விடாம எப்படிம்மா இருக்க? செத்துப் போவோம்லா?"

"சத்தம் போடாதேன்னு அர்த்தம்டா, வாயாடி!" என்று அவன் காதை நக்கிவிட்டாள் மையழகி.

பிள்ளைகள் சத்தம் போடாவிட்டாலும் மச்சு சும்மா இருக்குமா? மையழகி இரவெல்லாம் ஓடியாடுவாள். கிளையிலிருந்து ஓட்டின் மேல் 'தொம்' என்று குதிப்பாள். தின்ற பழத்தின் கொட்டையெல்லாம் மச்சில்தான். மூத்திரம் கசிந்து கீழ்க்கூடத்துச் சுவரில் தேமல் மாதிரி படர்ந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மரநாய் இருக்கிற இடத்தில் புதுசாக வடித்த சோற்று வாசம் அடிக்கும். அது பிறவி வாசம்.

"இந்நேரத்துல எவ வீட்டுல சோறு வடிக்கா!" என்று வீட்டுக்காரி பூரணம் பாயில் புரண்டு படுப்பாள். மறுநாள் காலையில் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் பல்லி ஒன்று மூச்சிரைக்க மச்சுக்கு ஏறி வந்தது. பேர் உச்சுக்கொட்டி. கூடத்துக் கடிகாரத்துக்குப் பின்னால்தான் அதன் குடித்தனம். அங்கிருந்து பார்த்தால் டி.வி. நேராகத் தெரியும். வீட்டுக்காரர்கள் பார்க்கிற அத்தனையும் அதுவும் பார்க்கும்.

"மதினி! மதினி! உன்னைத் தேடி டி.வி.க்காரங்க வாராங்க!"

"என்னையா? நான் என்ன சினிமாக்காரியா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒண்ணு போடுவான், 'போயிட்டு வராதீங்க'ன்னு. வீட்டுக்குள்ள வந்து தொந்தரவு பண்ணுற பாம்பு, குரங்கு, உடும்பு எல்லாத்தையும் ஒரு காயமும் படாம பிடிச்சு, காட்டுல கொண்டு விடுவாங்க. விடும்போது எல்லாரும் கையாட்டி, 'போயிட்டு வராதீங்க!'ம்பாங்க. பூரணம் அவங்களுக்குப் போன் போட்டுட்டா!"

மையழகி உடனே மூன்று குட்டிகளையும் காலால் இழுத்து அடியில் போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதே மதினி! அதுல பால்துரைன்னு ஒருத்தர் வாராரு. கையில பத்துக் கடித் தழும்பு இருக்கு. ஒருத்தரையும் திருப்பிக் கடிச்சதில்ல! நல்ல மனுசன். முதல்ல மாவு போட்டுத் தடம் பாப்பாரு. சின்னத் தடம் இருந்தா, பெட்டியில துணி விரிச்சுக் குட்டிகளை எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறம்தான் தாயைப் பிடிப்பாரு. ரெண்டையும் சேர்த்துத்தான் விடுவாரு. நான் எத்தனை வாரம் பாத்திருக்கேன்!"

மூலையில் செருமல் கேட்டது. பெருச்சாளி அண்ணாச்சி வந்து நின்றார். வாலில் பாதி இல்லை. அது ஒரு பொறியோடு போனது. ஒரு காது கிழிந்திருந்தது. அது ஒரு விளக்குமாற்றோடு போனது.

"டி.வி.யில காட்டுறதெல்லாம் நெசமா, பல்லி?" என்றார் அண்ணாச்சி. "டி.வி.யில சோப்புப் போட்டா கறுப்புச் சட்டையும் வெள்ளையாவுது. இந்த வீட்டுச் சட்டை எதுவும் வெள்ளையான மாதிரி தெரியலையே!"

"அது விளம்பரம் அண்ணாச்சி! இது வேற!"

"எல்லாம் ஒரே பொட்டிக்குள்ளதான வருது? மையழகி, நான் சொல்லுதேன், கேட்டுக்கோ. மனுசனுக்குக் கணக்குத் தெரியக்கூடாது. நீ ஒருத்தின்னு நெனச்சா ஒரு பொறி வைப்பான். நாலு பேருன்னு தெரிஞ்சா நாலு பொறி வைப்பான். குட்டியை முதல்ல எடுப்பானாம்ல! எடுத்து என்ன செய்வான்? தாலாட்டா பாடுவான்?"

மையழகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பல்லி டி.வி.யில் பார்த்ததைச் சொல்கிறது. அண்ணாச்சியோ அரை வாலோடு நிற்கிறார். அவளுக்கு அரை வால்தான் பெரிய சாட்சியாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ஜீப் வந்தது. முதலில் இறங்கியவன் கறுப்புக் கண்ணாடி போட்ட தொகுப்பாளன் நிவின். அவன் பின்னால் கேமராக்காரர். கடைசியாகத் தலையில் துண்டு கட்டிய, ஒல்லியான மனுசன் ஒருவர் இறங்கினார். அவர்தான் பால்துரை. வனத்துறையில் எழுதி வாங்கிய தாளைப் பூரணத்திடம் காட்டிவிட்டு, "வீட்டுல அரிசி மாவு இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"கோலமாவு இருக்கு, தரட்டா?"

"கல்லுமாவா? அது வேண்டாம். பாதத்துல ஒட்டிக்கிட்டா நக்கும். வயித்துக்கு ஆகாது. அரிசி மாவே குடுங்க."

இதைக் கேட்ட உச்சுக்கொட்டி சுவரிலிருந்தபடியே மச்சைப் பார்த்து 'உச் உச்' என்று கொட்டியது. "கேட்டியா மதினி?" என்று அர்த்தம்.

பால்துரை ஏணி வைத்து ஏறினார். ஓட்டைக்குப் பக்கத்து உத்தரத்தில் முழ நீளத்துக்கு மாவைச் சலித்துத் தூவினார். இறங்கிப் போய்விட்டார். மையழகியும் குட்டிகளும் சுருட்டி வைத்த பழைய ஜமுக்காளத்துக்குள் மூச்சு விடாமல் கிடந்தார்கள்.

இருட்டியதும் மையழகி இரை தேடிப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அவளுக்குப் பகீரென்றது. கடைக்குட்டி மாவின் மேல் ஓடிக்கொண்டிருந்தான்! அவன் பின்னால் அக்காளும் அண்ணனும். மாவு முழுக்கச் சின்னச் சின்னப் பாதம்.

"அம்மா, பால் மாதிரி வெள்ளையா இருக்கு! மூக்குல வச்சா தும்மல் வருது!"

"இறங்குங்கடா கீழே!"

"அப்படியே விடு மதினி!" என்றது உச்சுக்கொட்டி. "அவர் அதைப் பாக்கத்தானே மாவே போட்டிருக்காரு!"

"அழிச்சிரு மையழகி!" என்றார் பெருச்சாளி அண்ணாச்சி. "ஒரு தடம் விடாம அழிச்சிரு!"

மையழகி யோசிக்கவே இல்லை. தன் நீள வாலை எடுத்தாள். வாசல் பெருக்குகிற மாதிரி மாவை ஒரு பெருக்குப் பெருக்கினாள். சின்னத் தடம் மூன்றும் போயே போய்விட்டது. அப்புறம் மெதுவாக, பொம்மை நடக்கிற மாதிரி, தான் மட்டும் மாவின் மேல் நடந்தாள். திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு ஆள் நடந்த தடம். சுத்தம்!

"எப்படி என் வேலை?" என்றாள்.

"மனுசன் தோத்தான்!" என்றார் அண்ணாச்சி.

பல்லி கடிகாரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

காலையில் பால்துரை வந்து மாவைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு உருப்படிதான். ஆனா இந்த வால் ஏன் இப்படிப் பெருக்கியிருக்கு? மரநாய் வாலைத் தூக்கிக்கிட்டுல்லா நடக்கும்! எதுக்கும் இன்னொரு நாள் மாவு போட்டுப் பாப்போம் தம்பி."

"ஐயோ அண்ணே!" என்றான் நிவின். "நாளைக்கு அடுத்த ஊர்ல உடும்பு காத்திருக்கு! ஒரு தடம்தான் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கூண்டு வச்சிருவோம்ணே!"

பால்துரை தலையைச் சொறிந்தார். அரை மனசோடு கூண்டை வைத்தார். உள்ளே நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம் நாலைத் தொங்கவிட்டார்.

அன்று இரவு மையழகி கூண்டைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள். தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் முந்தின நாள் கூட்டத்துக்குப் பயந்து சரியாக இரை தேடவில்லை. மூன்று வாய் பால் உறிஞ்சுகிறது. பால் கொடுக்கிறவளின் பசி என்ன பசி என்று கொடுத்தவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு பழம், எட்டிப் பறித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று தலையை நீட்டினாள். ஒரு கால் வைத்தாள். இன்னொரு கால் வைத்தாள்.

'டப்!'

கதவு விழுந்துவிட்டது.

"அம்மா!" என்று ஜமுக்காளத்துக்குள்ளிருந்து கடைக்குட்டி கத்தினான்.

"மூச்!" என்றாள் மையழகி. "நான் வாற வரைக்கும் மூச்சு விடக்கூடாது! ஜமுக்காளத்தை விட்டு அசையக்கூடாது!"

குட்டிகள் மூச்சு விடவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

விடிந்ததும் கூண்டை இறக்கினார்கள். பூரணம் கிட்ட வந்து பார்த்தாள். "அட, பாக்க லட்சணமாத்தான் இருக்கா! இவளா எஞ்சுவரை நாறடிச்சா?" என்றாள். கூண்டை ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் கொத்தனார் சுயம்பு சிமெண்டும் மணலும் கலந்துகொண்டிருந்தார்.

"மத்தியானச் சோத்துக்குள்ள ஓட்டையை அடைச்சுப் பூசிருதேன்" என்றார் சுயம்பு. "அப்புறம் ஈ எறும்பு உள்ள போவாது, வெளிய வராது!"

வெளியே வராது!

அப்போதுதான் மையழகிக்கு உறைத்தது. தாய் வெளியே, குட்டி உள்ளே, நடுவில் சிமெண்டுச் சுவர். கத்தலாமா? கத்தினால் குட்டிகள் இருப்பது தெரிந்துவிடுமே! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஜீப் கிளம்பிவிட்டது.

இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு ஆற்றுப் பாலம், லாரி பறக்கிற பெரிய ரோடு ஒன்று, அப்புறம் மலை மேல் மலையாக இரண்டு ஏற்றம். கடைசியில் ஓடைக்கரையில் நின்றது. அத்திமரம் பழுத்துச் சிவந்து கிடந்தது. மேலிருந்து ஒரு மலையணில் எட்டிப் பார்த்தது.

பால்துரை கூண்டுக் கதவைத் தூக்கினார். நிவின் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "நேயர்களே! இதோ, மையிட்ட கண்ணழகி தன் தாய்வீட்டுக்குப் போறாங்க! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, போயிட்டு..."

மையழகி வெளியே வரவில்லை.

"போயிட்டு..." என்றான் நிவின் மறுபடி.

வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. நிவினுக்குக் கை வலித்தது.

"இறங்கு தாயி!" என்று மேலிருந்து கூப்பிட்டது மலையணில். "கதவு திறந்திருக்கு, அத்தி பழுத்திருக்கு. இன்னும் என்ன உனக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

"அண்ணே, குளத்தங்கரை ஓட்டு வீட்டுக்கு இங்கேயிருந்து ஓடினா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அணிலிடம் கேட்டாள் மையழகி.

"குளத்தங்கரையா! ரெண்டு மலை, ஒரு ரோடு, ஒரு ஆறு. ரோட்டுல நசுங்காம, ஆத்துல முங்காம போனா மூணு நாளு. ஏன், எதையும் மறந்து வச்சிட்டு வந்திட்டியா?"

மூன்று நாள்! மத்தியானச் சோற்றுக்குள் சுவர் ஏறிவிடும். மையழகிக்குக் கால் நாலும் ஓடத் துடித்தது. ஆனால் ஓடினால் பிள்ளைகளிடம் போய்ச் சேர முடியாது. அந்த வீட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர ஒரே வழி இந்த ஜீப்தான். இந்த ஜீப் திரும்ப வேண்டும் என்றால் இந்த மனுசனுக்குத் தெரிய வேண்டும். மனுசருக்கோ மிருகப் பேச்சு புரியாது.

"அண்ணே, ஒரு குச்சி வச்சு லேசா தள்ளி விடட்டுமா?" என்றான் நிவின்.

"குச்சியைக் கீழ போடுங்க தம்பி" என்றார் பால்துரை. கூண்டுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "என்ன தாயி, என்ன செய்யுது? எங்கேயும் அடிபட்டிருக்கா?"

பல்லி சொன்னது மையழகிக்கு ஞாபகம் வந்தது. ஒருத்தரையும் திருப்பிக் கடிச்சதில்ல.

மரநாய் யாருக்கும் வயிற்றைக் காட்டாது. இன்னொரு மரநாய்க்குக்கூடக் காட்டாது. வயிற்றைக் காட்டுவதும் உயிரை எடுத்துக் கையில் கொடுப்பதும் அதற்கு ஒன்றுதான். மையழகி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூண்டுக்குள் மெல்லச் சரிந்தாள். நாலு காலையும் விரித்து மல்லாந்து படுத்தாள்.

பால்துரை பார்த்தார். வயிற்று முடி சப்பிச் சப்பிப் படிந்திருந்தது. காம்பு ஒவ்வொன்றும் வீங்கி, நுனியில் பால் துளிர்த்து நின்றது.

"அடக் கடவுளே!" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். "தம்பி, இது பிள்ளைக்காரி! வாலால மாவைப் பெருக்கினது எதுக்குன்னு இப்பல்லா தெரியுது! குட்டித் தடத்தை அழிச்சிருக்கா! குட்டி மச்சுல கிடக்கு, அங்க சுயம்பு சுவர் வச்சுக்கிட்டு இருக்கான்! போனைப் போடுங்க!"

"டவர் இல்லண்ணே!"

"அப்ப வண்டியை எடுங்க!"

கதவை இறக்கினார்கள். ஜீப் வந்த வழியே பறந்தது. "நல்லா போயிட்டு வா!" என்று அத்திமரத்திலிருந்து கத்தியது மலையணில். "பழத்தைத் தின்னு தீத்திர மாட்டேன்!"

குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். நிவின் ஜீப் நிற்பதற்குள் குதித்தான். "கொத்தனாரே! நிறுத்துங்க!"

சுயம்பு சாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு செங்கல். ஓட்டையில் ஒரு செங்கல் இடம்தான் பாக்கி.

"என்னவே, இதை மட்டும் வச்சிட்டு இறங்கிருதேன்!"

"வைக்காதீங்க! உள்ளே குட்டி இருக்கு!"

சுயம்பு செங்கலைத் தவறவிட்டார். அது பூரணத்தின் குடத்தில் விழுந்து குடம் நெளிந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூரணம்கூடப் பார்க்கவில்லை. "குட்டியா! ஐயோ, நான் பிள்ளைகளையா வச்சு அடைக்கப் பாத்தேன்?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் ஏணி வைத்து மச்சுக்கு ஏறினார்கள். கூண்டையும் தூக்கிக்கொண்டார்கள். டார்ச் அடித்துத் தேடினார்கள். ஓட்டுச் சந்து, உத்தரத்து இடுக்கு, உடைந்த நாற்காலி, பழைய தகரப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"பால் குடிக்கிற குட்டின்னா பசியில கத்துமே" என்றார் பால்துரை. அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒருவேளை வெளியே போயிருக்குமோ? இல்ல..."



ஜமுக்காளம் மூன்றடி தூரத்தில்தான் கிடந்தது. அதற்குள் என் பிள்ளைகள், மூச்சு விடாமல், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு! மையழகிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. நல்லா வளர்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்த வளர்ப்பே இப்போது சுவர் மாதிரி நிற்கிறதே!

அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து ஆள் முன்னால் எழுப்பாத சத்தத்தை எழுப்பினாள்.

"பிள்ளைகளா! வெளியே வாங்க!"

பதில் இல்லை.

"டேய் மூத்தவனே! ஏட்டி நடுவிலவளே! அம்மா கூப்பிடுதேன்!"

பதில் இல்லை. அம்மா கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது. அதுவும் அம்மா சொன்னதுதான்.

"அம்மா சொன்னது தப்பு!" என்று கத்தினாள் மையழகி. "கேட்டுதா? அம்மா தப்பாச் சொல்லிட்டேன்! இவங்க நல்லவங்க! சத்தம் போடுங்கடா! எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடுங்க!"

ஜமுக்காளம் லேசாக அசைந்தது. ஒரு சின்னக் கறுப்பு மூக்கு வெளியே வந்தது.

"நெசமாவா?" என்றான் கடைக்குட்டி. "அப்படின்னா அம்மா, எனக்குப் பசிக்குது! பசிக்குது! பசிக்குது!"

"நான் பேசலம்மா!" என்று உள்ளிருந்து கேட்டது நடுவிலவள் குரல். "அவன்தான் பேசினான்!"

"ரெண்டு பேரும் பேசிட்டாங்க!" என்றான் மூத்தவன். "நான் மட்டும்தான் பேசல!"

மனுசர் காதுக்கு அது 'கீச் கீச்' என்றுதான் கேட்டது. அது போதும்! பால்துரை பாய்ந்துபோய் ஜமுக்காளத்தை விரித்தார். மூன்று குட்டிகள், அரிசி மாவு ஒட்டிய மூக்கோடு!

"மூணு உருப்படி! உயிரோட!" என்றார். அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூரணம் தன் பழைய நூல் புடவையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அதை விரித்துக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டுக்குள் விட்டார்கள். மூன்றும் தாய் வயிற்றில் முட்டி மோதி விழுந்தன. பால் குடிக்கிற 'சப்சப்' சத்தம் மச்சு முழுக்கக் கேட்டது. சுயம்பு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொன்னார். புதுச்சோற்று வாசம் எழும்பியது.

"ஏ தாயி, இந்த வாசமா!" என்றாள் பூரணம். "ஒரு மாசமா அக்கம்பக்கத்து வீட்டு அடுப்பையெல்லாம் சந்தேகப்பட்டேனே!"

நிவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துவிட்டு, கேமராக்காரரைப் பார்த்தான். "அண்ணே, எல்லாம் பதிவாச்சா?"

"இல்லப்பா" என்றார் கேமராக்காரர். "கேமராவைக் கீழ வச்சிட்டு நானும் குட்டிதான் தேடிக்கிட்டிருந்தேன்."

நிவின் வாயைப் பிளந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிக்க, பால்துரை சிரிக்க, சுயம்பும் சிரித்தார். "போகட்டும்ணே! பொழைச்சுக் கிடக்கே, அது போதும்! ஆனா ஒண்ணு, இனிமே நீங்க இன்னொரு நாள் பொறுன்னு சொன்னா ரெண்டு நாள் பொறுக்கிறேன். உடும்பு எங்கேயும் ஓடிராது!"

வெயில் தாழ ஜீப் மறுபடி காட்டுக்குப் போனது. இந்தத் தடவை கதவைத் தூக்கியதும் மையழகி தானாகவே இறங்கினாள். கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள். மற்ற இரண்டும் அவள் வாலைப் பிடித்த மாதிரி பின்னால் நடந்தன. அத்திமரத்தடியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பால்துரை கையாட்டினார். "போயிட்டு வராதீங்க தாயி" என்றார் மெதுவாக.

"வந்தியா! மறந்து வச்சிட்டு வந்தது இதுதானா?" என்றது மலையணில். "ஏ அப்பா, மூணுல்லா!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உச்சுக்கொட்டி கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தது. 'உச் உச்' என்று கொட்டியது. அந்தத் தடவை அது சந்தோஷ உச். பெருச்சாளி அண்ணாச்சியும் கதவிடுக்கில் நின்று பார்த்தார். அரை வாலைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பூரணம் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தாள். அண்ணாச்சி குடுகுடுவென்று ஓடி வந்து, கோலத்தின் நடுவில் நாலு காலையும் நன்றாகப் பதித்தார். பதித்துவிட்டு நகரவில்லை. ஜீப் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார்.

"ஏங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள் பூரணம். "அந்தப் பால்துரை அண்ணன் நம்பரை எடுங்க!"

பிள்ளைகளே, உதவ வந்த நல்லவரிடம் நம் கஷ்டத்தை மறைத்தால், அவரால் பாதி உதவிதான் செய்ய முடியும். உள்ளதை உள்ளபடி காட்டினால்தான் முழு உதவியும் வந்து சேரும்.